மேஸ்திரி 1:2:4 என்கிறார், வரைபடம் எம்30 என்கிறது. கடலோர வீட்டுக்கு எதைக் கேட்பது?

கணக்கு டீச்சர், திருவொற்றியூர்
ஆகஸ்ட் 4, 2025

எல்லோருக்கும் வணக்கம். முப்பத்தோரு வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள். பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அதே அரை கிரவுண்டில் தரைத்தளமும் மாடியுமாக வீடு கட்டுகிறேன். கடலுக்கும் மனைக்கும் நடுவே சுமார் 600 மீட்டர். 500 மீட்டரைத் தாண்டிவிட்டதால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதி தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

திட்ட அனுமதி சுயசான்றிதழ் முறையில் வாங்கினோம். போன வருடம் ஜூலையில் வந்ததே, 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம் என்றால் இணையத்திலேயே உடனே அனுமதி கிடைக்கும் என்று, அதுதான். உண்மையிலேயே உடனே கிடைத்தது. அலையவில்லை, யார் கையிலும் எதுவும் வைக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான் ஒன்று உறைத்தது: விதிப்படி கட்டுவேன் என்று கையெழுத்துப் போட்டது நான். அதைச் சரிபார்க்க யாரும் வரப்போவதில்லை. பரீட்சை எழுதுகிறவளே விடைத்தாளையும் திருத்துகிற மாதிரி.

வரைபடம் போட்ட என்ஜினியர் ஒரு பக்கத்தில் பொடி எழுத்தில் குறிப்புகள் எழுதியிருக்கிறார். அவற்றை மேஸ்திரியிடம் வாசித்துக் காட்டினேன். நல்ல மனிதர், எங்கள் தெருவிலேயே நான்கு வீடு கட்டியவர். எல்லாவற்றுக்கும் சிரித்தார்.

குறிப்பில் கான்கிரீட் எம்30, அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் பலம். மேஸ்திரி சொல்வது 1:2:4, அதாவது ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு மணல், நான்கு ஜல்லி, "ரூஃபுக்கு வேண்டுமானால் ஒரு மூட்டை கூடப் போட்டுக்கலாம் டீச்சர்." குறிப்பில் பில்லர் 300க்கு 300 மில்லிமீட்டர். அவர் சொல்வது ஒன்பதுக்கு ஒன்பது அங்குலம். அதற்கு மேல் போனால் பில்லர் சுவரை விட்டுத் துருத்திக்கொண்டு நிற்கும், பீரோ ஒட்டி உட்காராது. பீரோ விஷயம் உண்மைதான், நானும் யோசித்தேன். கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம், வெளிப்புறம் 45 மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கிறது. மேஸ்திரி வைத்திருக்கும் கவர் பிளாக் எல்லாமே 20. பில்லர் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் கொக்கியை 135 டிகிரி மடிக்கச் சொல்கிறது. அவர் ஆள் 90 டிகிரியில் நிறுத்துகிறார்.

சாதாரணமாக ரூஃப் ஐந்து அங்குலம், அதாவது 125 மி.மீ. 20 கவர், 10 எம்எம் கம்பியில் பாதி 5, இரண்டையும் கழித்தால் கம்பியின் மையம் வரை ஆழம் 100. கவரை 45 ஆக்கினால் அது 75. தளத்தின் பலம் அந்த ஆழத்தைப் பொறுத்தது என்றால், கவரைக் கூட்டுவதால் கால் பங்கு பலம் போய்விடாதா? இதை மேஸ்திரியிடம் கேட்டேன். "அதான் டீச்சர், நானும் அதைத்தான் சொல்றேன்" என்று என்னையே எனக்கு எதிராகத் திருப்பிவிட்டார்.

ஆவணியில் பூஜை, உடனே அஸ்திவார ஃபூட்டிங். ஐப்பசி மழைக்குள் ரூஃப் போட்டாக வேண்டும். எது கட்டாயம், எதில் விட்டுக்கொடுக்கலாம் என்று யாராவது சொல்லுங்கள். 2021 டிசம்பரில் எங்கள் ஊரில் 24 வீடுகள் இருந்த ஒரு அடுக்குமாடி பிளாக் இடிந்து விழுந்தது நினைவிருக்கும். விரிசலைப் பார்த்து முன்னதாகவே எல்லோரும் வெளியே வந்துவிட்டதால் உயிர் தப்பினார்கள். அந்தப் புழுதியை நேரில் பார்த்ததிலிருந்து கான்கிரீட் என்றால் எனக்கு ஒரு பயம்.

---

கம்பிக்கணக்கு (கட்டமைப்புப் பொறியாளர்)
ஆகஸ்ட் 5

டீச்சர், உங்கள் 100க்கும் 75க்குமான கழித்தல் சரி. என்னிடம் வேலைக்கு வரும் பையன்களில் பாதிப் பேர் அதைப் போட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் அதிலிருந்து மேஸ்திரி எடுத்த முடிவு தப்பு. கவரைக் குறைக்கக் கூடாது, தளத்தின் கனத்தைக் கூட்ட வேண்டும். வரைபடத்தில் ரூஃபின் கனத்தைப் பாருங்கள். 45 கவர் கேட்டவர் 125 போட்டிருக்க மாட்டார். 150 என்று இருந்தால் ஆழம் மறுபடி 100 ஆகிவிடுகிறது. 125 என்றே இருந்தால் அவருக்கு இன்றைக்கே போன் போடுங்கள்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019, கட்டமைப்பு என்று வரும்போது தேசியக் கட்டட நெறிமுறையையும் இந்தியத் தரங்களையும்தான் கைகாட்டுகிறது. கான்கிரீட்டுக்கு அது ஐ.எஸ். 456. அதில் சுற்றுச்சூழலை ஐந்து படியாகப் பிரித்திருப்பார்கள். மிக எளிய படியிலேயே, உள்ளூரில் உப்பும் இல்லை ஈரமும் இல்லை என்றாலும், கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எம்20க்குக் கீழே இடமில்லை. 1:2:4 வழக்கத்தில் எம்15க்குத்தான் சமம். ஆக உங்கள் மேஸ்திரியின் கலவை கடலோரத்துக்கு மட்டுமில்லை, திருச்சியில் கட்டினாலும் விதிக்குள் வராது. 2000-க்கு முன்பு அது ஓடியது. அவர் தொழில் கற்ற காலம் அதுவாக இருக்கும்.

கடலோரச் சூழலுக்கு நேரடியாக வெளிப்படும் கான்கிரீட் மூன்றாவது படி. அதற்குக் குறைந்தது எம்30, ஒரு கன மீட்டருக்கு 320 கிலோ சிமெண்ட், தண்ணீர்–சிமெண்ட் விகிதம் 0.45க்குள், கவர் 45. உப்புக் காற்று நேரடியாகப் படாமல் மறைவாக இருக்கும் பகுதி இரண்டாவது படி: எம்25, விகிதம் 0.50, கவர் 30. உங்கள் என்ஜினியர் "வெளிப்புறம் 45" என்று எழுதியது அதனால்தான். வீட்டுக்குள் இருக்கும் தளத்தின் அடிப்பக்கத்தை 30 என்று எடுத்திருக்கலாம், அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஒரே நாளில் போடுவதில் பாதி எம்25, பாதி எம்30 என்று யாரும் பிரித்து ஆர்டர் பண்ண மாட்டார்கள். எல்லாமே எம்30 போகட்டும்.

0.45 என்றால் எவ்வளவு என்று மேஸ்திரிக்கு இப்படிச் சொல்லுங்கள். 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர். பிளாஸ்டிக் குடம் பதினைந்து லிட்டர் என்றால் ஒன்றரைக் குடம். எம்-சாண்டில் இருக்கும் ஈரமும் இந்தக் கணக்கில் சேரும். சைட்டில் கலவை மெஷின் பக்கம் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள், மூட்டைக்கு எத்தனை குடம் போகிறது என்று. ஓஸ் பைப்பைச் சொருகிவிட்டுப் பீடி பற்ற வைப்பவரைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

சட்டிக் கணக்கில், அதாவது விகிதம் சொல்லிக் கலப்பது, எம்20 வரைக்கும்தான் அனுமதி. அதற்கு மேல் டிசைன் மிக்ஸ், அதாவது பொருட்களைச் சோதித்துக் கணக்குப் போட்டு முடிவு செய்த கலவை, கட்டாயம். எனவே எம்30 என்று எழுதிய நிமிடமே பிளாண்டில் கலந்து வண்டியில் வரும் ரெடிமிக்ஸ் என்று முடிவாகிவிட்டது. கடலோரத்துக்கு இரும்பு ஆலைக் கசடு கலந்த சிமெண்ட் அல்லது சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட் கேளுங்கள், உப்பு உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்தும். துருப்பிடிக்காத கம்பி என்று கடைக்காரர் விலை கூட்டி ஒன்றைக் காட்டுவார். வாங்கலாம், வாங்காமலும் இருக்கலாம். 10 மில்லிமீட்டர் கவரில் எந்தக் கம்பியும் நிற்காது.

பில்லர். சென்னை 2002-ல் நில அதிர்வு மூன்றாம் மண்டலத்துக்கு வந்தது. மூன்றாம் மண்டலம் என்றால், நில அதிர்வைத் தாங்கும்படி கம்பி கட்டுவதற்கான தரம், ஐ.எஸ். 13920, பொருந்தும். அதன் 1993 பதிப்பில் சின்ன வீட்டுக்கு 200 மி.மீ. பில்லர் போதும் என்று இருந்தது, மேஸ்திரியின் ஒன்பது அங்குலம் அதில் அடங்கிவிடும். 2016 பதிப்பில் எந்தப் பக்கமும் 300க்குக் குறையக் கூடாது. அவர் பொய் சொல்லவில்லை, அவருடைய விதி பழசாகிவிட்டது. அது போக, ஒன்பது அங்குலத்தில் இரண்டு பக்கமும் 45 கவரைக் கழித்தால் நடுவில் மிஞ்சுவது 140. அதற்குள் கம்பி, ரிங், வைப்ரேட்டர் ஊசி, இருபது எம்எம் ஜல்லி எல்லாம் எங்கே போகும்? ஓட்டை ஓட்டையாகத் தேன்கூடுதான் கிடைக்கும். பீரோவுக்கு வழி உண்டு. பில்லரின் துருத்தலை வெளிப்பக்கமாகவோ, கதவுக்குப் பின்னால் போகும் மூலையிலோ தள்ளச் சொல்லுங்கள்.

கொக்கி 135 டிகிரி என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பூமி ஆடும்போது கவர் கான்கிரீட் உதிரும். 90 டிகிரி கொக்கி அப்போது பிரிந்துவிடும். ரிங் திறந்துவிட்டால் உள்ளே இருக்கும் கம்பி வெளியே வளைந்து வரும். 135 என்றால் கொக்கியின் நுனி பில்லரின் வயிற்றுக்குள் புதைந்து இருக்கும், பிரியாது. நுனி நீளம் குறைந்தது 65 மி.மீ. உங்கள் 300 பில்லருக்கு மேல்முனையிலும் கீழ்முனையிலும் குறைந்தது ஒன்றரை அடி உயரத்துக்கு ரிங் இடைவெளி மூன்று அங்குலம். நடுவில் வரைபடம் சொல்கிறபடி.

போர் தண்ணீரைச் சொல்லவில்லையே? உங்கள் பக்கம் உப்பு ஏறியிருக்கும். கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ரெடிமிக்ஸ்காரர் தண்ணீர் அவர் பொறுப்பு. ஆனால் கியூரிங் உங்கள் பொறுப்பு. உப்புத் தண்ணீரைப் பத்து நாள் ஊற்றி எம்30-ஐ ஊற வைத்தால் என்ன பிரயோஜனம்? ஒரு பாட்டில் எடுத்து ஆய்வகத்தில் கொடுத்துவிடுங்கள்.

---

கொட்டிவாக்கம்_குடித்தனம்
ஆகஸ்ட் 5

சார் சொன்னதற்கு நான் சாட்சி. எங்கள் வீடு 2009-ல் கட்டியது. கடற்கரைக்கு இன்னும் பக்கம். அப்போது கவர் என்ற வார்த்தையே எனக்குத் தெரியாது. உடைந்த மார்பிள் துண்டை கம்பிக்கு அடியில் சொருகினார்கள், அதுதான் கவர் பிளாக்.

முதலில் விழுந்தது சன்ஷேடு. பத்தாவது வருடம், ஒரு மத்தியானம், பக்கத்து வீட்டுப் பையன் சைக்கிள் நிறுத்தும் இடத்தில். அவன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். உடைந்த துண்டைப் புரட்டிப் பார்த்தால் கம்பி முழுவதும் அடிப்பக்கத்தில் கிடந்தது, மேலே இருக்க வேண்டியது. கான்கிரீட் போடும்போது அதன் மேல் ஏறி நடந்திருக்கிறார்கள். கவரை ஸ்கேலால் அளந்தேன், எட்டு மில்லிமீட்டர். கம்பி பக்கோடா மாதிரி உதிர்ந்தது.

ரிப்பேருக்கு மொத்த வெளிப்புறமும் கொத்தி, துருவைச் சுரண்டி, பூச்சு பூசி என்று நான்கு மாதம். மேடம், ரூஃபில் செலுத்தும் கவனத்தில் பாதியையாவது சன்ஷேடுக்கும் பால்கனிக்கும் வையுங்கள். ரூஃப் போடும் அன்று எல்லோரும் வந்து நிற்பார்கள், பாயசம் கூட வைப்பார்கள். சன்ஷேடு ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் யாரும் பார்க்காதபோது போட்டு முடிந்திருக்கும்.

---

சைட்_சூப்பர்வைசர்
ஆகஸ்ட் 6

எல்லோரும் மேஸ்திரியை ஒரு போடு போட்டுவிட்டீர்கள், என் பங்குக்கு அவர் பக்கம் கொஞ்சம் பேசுகிறேன். டீச்சர், அவருக்கு ரேட் எப்படிப் பேசினீர்கள்? சதுர அடிக்கு இவ்வளவு என்றுதானே? அந்த ரேட்டில் கம்பி ஆள் ஒரு ரிங்குக்கு எத்தனை நொடி செலவழிக்கலாம் என்று அவருக்குத் தெரியும். 90 டிகிரியில் ஒரே மடக்கு. 135க்கு இன்னொரு தள்ளு வேண்டும், மாட்டும்போதும் ரிங்கைக் கொஞ்சம் விரித்து நுழைக்க வேண்டும். வீடு முழுக்க எண்ணிப் பாருங்கள், ஆயிரத்துக்கு மேல் வரும். அந்த வேலையைத் தனியாகப் பேசிக் கொடுத்துவிடுங்கள். கொடுத்தால் செய்வார். கொடுக்காமல் சட்டம் பேசினால் நீங்கள் பார்க்கும் முதல் பில்லரில் மட்டும் 135 இருக்கும்.

கவர் பிளாக் 45, 50 எல்லாம் ரெடிமேடாக வருகிறது. நீங்களே வாங்கி இறக்கிவிடுங்கள், வாக்குவாதம் இருக்காது. ஃபூட்டிங்குக்கு 50, பில்லருக்கும் சன்ஷேடுக்கும் 45. கலர் பெயிண்ட் தொட்டு வைத்தால் ஆள் மாற்றிப் போட மாட்டான்.

ரெடிமிக்ஸ் வண்டி வந்ததும் சீட்டை வாங்கிப் பாருங்கள். தரம், சிமெண்ட் வகை, பிளாண்டில் ஏற்றிய நேரம் எல்லாம் அதில் இருக்கும். ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கியாக வேண்டும். எண்ணூர் ரோடு லாரி நெரிசல் உங்களுக்குத் தெரியாததா, காலை ஐந்தரைக்கே வரச் சொல்லுங்கள். டிரம்மில் தண்ணீர் ஊற்றச் சொல்லி யாராவது கத்துவார்கள், பம்ப் ஆப்பரேட்டரோ உங்கள் மேஸ்திரியோ. விடாதீர்கள். அது ஒன்றுக்காகவே அங்கே நில்லுங்கள்.

---

கணக்கு டீச்சர், திருவொற்றியூர்
ஆகஸ்ட் 7

மூன்று பேருக்கும் நன்றி. வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தேன், ரூஃப் 150 என்றுதான் இருக்கிறது. நான்தான் தெருவில் எல்லோரும் சொல்லும் ஐந்து அங்குலத்தை மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறேன். கொடுத்த கணக்கைச் சரியாகப் படிக்காமல் விடை எழுதினால் பிள்ளைகளுக்கு மார்க் குறைத்தவள் நான்.

ஒரு சந்தேகம். பலத்தைச் சோதிக்க வார்க்கும் கான்கிரீட் கியூப் எத்தனை எடுக்க வேண்டும்? எம்30 என்றால் கியூப் 30 காட்டினால் பாஸா?

---

கம்பிக்கணக்கு
ஆகஸ்ட் 7

ஐந்து கன மீட்டர் வரை ஒரு மாதிரி, ஆறிலிருந்து பதினைந்து வரை இரண்டு, பதினாறிலிருந்து முப்பது வரை மூன்று. ஒரு மாதிரி என்றால் மூன்று கியூப், 150 மி.மீ., 28 நாள் கழித்து உடைப்பது. ஏழாம் நாளும் பார்க்க ஆசை என்றால் இன்னும் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஃபூட்டிங் ஐந்துக்குள் அடங்கும், ரூஃபும் பீமும் சேர்ந்து பதினைந்தை ஒட்டி வரும்.

30 பாஸா என்பது கணக்கு டீச்சர் கேட்க வேண்டிய கேள்விதான். 30 என்பது சராசரி இல்லை. நூறு சோதனை எடுத்தால் ஐந்துக்கு மேல் அதற்குக் கீழே விழக் கூடாது என்பது அதன் பொருள். அதனால் மிக்ஸ் டிசைன் பண்ணும்போது குறி வைப்பது 30 கூட்டல் 1.65 பெருக்கல் 5, அதாவது 38.25. அந்த 5 திட்ட விலக்கம். அந்த 1.65 எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும்.

---

கணக்கு டீச்சர், திருவொற்றியூர்
செப்டம்பர் 24

இயல்நிலைப் பரவலின் வால். பன்னிரண்டாம் வகுப்பில் இத்தனை வருடம் அட்டவணையைப் பார்த்து எழுத வைத்தேன், ஒருநாளும் ஒரு உதாரணம் இப்படிக் கையில் கிடைக்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். ஆகஸ்ட் 25 காலை ஃபூட்டிங். குழியில் ஐந்தடியிலேயே தண்ணீர் ஊறியது, இரவெல்லாம் மோட்டார் ஓடியது. ஒரு வண்டிதான். சீட்டில் ஏற்றிய நேரம் 4.50, எங்கள் தெருவுக்கு வந்தது 5.40. கேபிள் டிவி வயரைத் தூக்கிப் பிடிக்க ஒரு பையன் மூங்கிலோடு நின்றான். தண்ணீர் ஊற்றச் சொல்லி யார் கத்தினார்கள் தெரியுமா? பக்கத்து வீட்டுத் தாத்தா. "கெட்டியா இருக்கேம்மா, இறங்காதே" என்று. மேஸ்திரி அவரைப் பார்த்து, "டீச்சர் ஒன்றரைக் குடம்தான்னு சொல்லிட்டாங்க" என்றார். ஒன்றரைக் குடம் இப்போது எங்கள் சைட்டில் பழமொழி ஆகிவிட்டது.

ஏழாம் நாள் கியூப் 26.8, 25.9, 27.5. பயந்துபோய் என்ஜினியருக்குப் போன் செய்தேன். பிபிசி சிமெண்ட் மெதுவாகத்தான் ஏறும், பொறுங்கள் என்றார். இருபத்தெட்டாம் நாள், முந்தாநாள், 39.1, 37.4, 40.2. சராசரி 38.9. மேஸ்திரி அந்தத் தாளைப் போட்டோ எடுத்துக்கொண்டார், எதற்கென்று நான் கேட்கவில்லை. ரிங் கொக்கிக்குத் தனியாகப் பேசிக் கொடுத்தேன். நானே போய் வாசல் கோலம் போடுகிற மாதிரி ஒவ்வொரு பில்லராக உட்கார்ந்து எண்ணினேன், மூன்று ரிங்தான் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. போர் தண்ணீர் ஆய்வில் தேறவில்லை. கியூரிங்குக்கு லாரித் தண்ணீர், பத்து நாள் போதும் என்றார்கள், நான் பதினான்கு நாள் சாக்கு நனைத்தேன்.

இப்போது புதுப் பிரச்சினை. மாடிப்படிக்கு ஒன்றரை கன மீட்டர்தான் வேண்டும். ரெடிமிக்ஸ்காரர் அவ்வளவு குறைவாக அனுப்ப மாட்டேன் என்கிறார். மேஸ்திரி ஆவலாக, "அதை மட்டும் நானே கலந்துடறேன்" என்கிறார்.

---

சைட்_சூப்பர்வைசர்
செப்டம்பர் 24

ஆசை, ஆசை. படிக்கு இப்போதே சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டி வைக்கச் சொல்லுங்கள். ரூஃப் போடும் அன்று அதே வண்டியில் முதலில் படி, அப்புறம் ரூஃப். ஆர்டரில் ஒன்றரை சேர்த்துவிடுங்கள். பதினைந்தைத் தாண்டினால் கியூபும் இரண்டு மாதிரிக்குப் பதில் மூன்று, அதை மறக்காதீர்கள். சன்ஷேடையும் முடிந்தால் கதவு, ஜன்னலுக்கு மேல் போடும் லிண்டலோடு ஒரே வண்டியில் சேர்த்துவிடுங்கள், தனியாகச் செவ்வாய்க்கிழமைக்கு விடாதீர்கள்.

---

கணக்கு டீச்சர், திருவொற்றியூர்
செப்டம்பர் 25

சன்ஷேடு இந்தச் சனிக்கிழமை, லிண்டலோடு. கம்பி மேல் யாரும் ஏறாமல் இருக்கப் பலகை போடச் சொல்லியிருக்கிறேன். நாற்காலி போட்டு எதிரே உட்காரப் போகிறேன்.